களிமண் பாப்பாவுக்கு முடி: தீட்டுவதா, செதுக்குவதா, ஒட்டுவதா, நடுவதா?

"அக்கா, விரல் நகம் வரைக்கும் வந்துருச்சு. பால் குடிச்சு உதட்டுல வர்ற கொப்புளம்கூட வெச்சுட்டேன். தலைதான் பழனிக்குப் போய்ட்டு வந்த மாதிரி நிக்குது. என்ன பண்ணட்டும்?"

பாலிமர் க்ளேயில் (ஓவனில் சுட்டால் கெட்டியாகும் பிளாஸ்டிக் மண்) 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பாப்பா செய்து, சுட்டும் முடித்துவிட்ட தங்கை ஒருத்தி கேட்டது இது. அதே வாரம் இன்னொருவர். கொலுவில் தொட்டிலுக்குள் படுக்கவைக்க 4 செ.மீ. குழந்தை செய்கிறார், அதற்கு எந்த முடி வாங்கலாம் என்கிறார். மூன்றாமவர் ஒரு அம்மா. பையனுக்கு மொட்டை போடும் நாள் நெருங்குகிறது. அந்த முதல் முடியையே வைத்து அவன் சாயலில் ஒரு பொம்மை செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரிடமும் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: தலையைச் சுட்டாயிற்றா, இல்லையா? முகம், விரல், முழங்கால் மடிப்பு எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் முடியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் முடியை எப்படி வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மண்டையை எவ்வளவு பெரிதாகப் பிடிப்பது, உள்ளே எவ்வளவு அலுமினியத் தாளைத் திணிப்பது, எத்தனை தடவை சுடுவது என்பதெல்லாம் மாறும். எனவே முடி வைப்பது கடைசியாக இருந்தாலும், அதைப் பற்றிய முடிவு முதலில் வரவேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

அளவு. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை சுமார் 50 செ.மீ. நீளம். 15 செ.மீ. பொம்மை என்றால் நிஜத்தில் பத்தில் மூன்று பங்கு. பெரியவர்களின் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் இருக்கும் (1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 70 மைக்ரான் முடி ஒன்றை அந்தப் பொம்மைத் தலையில் வைத்தால், நிஜக் குழந்தையின் தலையில் 230 மைக்ரானுக்கு முடி முளைத்த மாதிரி. அதை முடி என்று சொல்ல முடியாது, தேங்காய் நார். மோஹேர் என்ற ஆட்டு முடியில் குட்டி ஆட்டுடையது 25 மைக்ரான் பக்கம் இருக்கும். அதே கணக்கில் 83 வருகிறது. அதாவது ரொம்ப மெல்லிசு என்று நாம் தேடிப்பிடித்து வாங்கும் இழைகூட 15 செ.மீ. பொம்மையில் பெரியவர்கள் முடி மாதிரிதான் தெரியும். 4 செ.மீ. பொம்மையில் அதுவே 300 மைக்ரானைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான், என் ஆரம்பகாலச் சின்னப் பாப்பாக்கள் தலையில் ஏன் விளக்குமாறு முளைத்திருந்தது என்று எனக்கு விளங்கியது.

மண். பாலிமர் க்ளே என்பது பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக். அதன் பிராண்டுகளில் ஃபிமோவை 110 டிகிரியிலும் ஸ்கல்ப்பியைச் சுமார் 135 டிகிரியிலும் சுட வேண்டும். ஆட்டு முடி இந்தச் சூட்டை அரைமணி நேரம் தாங்கும். கடையில் விற்கும் நைலான், அக்ரிலிக் பொம்மை முடி சுருங்கி முறுக்கிக்கொள்ளக்கூடும். சோளமாவும் வெள்ளைப் பசையும் கலந்து கிளறும் கோல்ட் போர்சலினைச் சுடவே வேண்டாம். ஆனால் அது காயும்போது சுருங்கும். இரண்டு பாகத்தைக் கலந்து பிசையும் எபாக்ஸி மண் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். சூளையில் வேகும் சுடுமண்ணோ 700 டிகிரிக்கு மேல் போவது, அங்கே இழை எதுவும் மிஞ்சாது.

நிறம். இதை வெளிநாட்டுச் செய்முறை வீடியோக்கள் சொல்வதில்லை, அவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ரோஜா நிறத் தலையில் வெளிர் பொன்னிற முடியை ஒட்டினால் பசைக் கோடும் ஊசித் துளையும் கண்ணுக்குத் தெரியாது. நம் வீட்டுப் பாப்பாவுக்கு மாநிறத் தோல், கருமுடி. ஒரு சொட்டுப் பசை அதிகமானாலும் மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எந்த வழியில் போனாலும் தலைத்தோலுக்கு முதலில் பழுப்புச் சாயம் பூசியே ஆகவேண்டும்.

யார் கைக்குப் போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிறதா, வருகிறவர்கள் எல்லோரும் தூக்கிப் பார்ப்பார்களா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? இழை முடி வைத்த பொம்மையைக் கைக்குழந்தையிடம் கொடுக்கவே கூடாது. வாயில் போகும் என்பது மட்டுமல்ல காரணம். உதிர்ந்த இழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது மருத்துவர்கள் அறிந்த ஆபத்து.

திருத்த வழி. தப்பாகப் போனால் முடியோடு போகுமா, தலையையே பலி வாங்குமா?

பணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தலைக்கு மோஹேர் இரண்டு கிராம் போதும். விற்பவர்கள் பொட்டலமாகத்தான் தருவார்கள், மிச்சம் அலமாரியில் கிடக்கும், அவ்வளவுதான். நேரம்தான் பெரிய செலவு.

| வழி | எப்போது செய்வது | எந்தப் பொம்மைக்கு | தப்பானால் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| தீட்டுவது | சுட்ட பிறகு | எல்லா அளவும், 8 செ.மீ.க்குக் கீழே இதுதான் | ஈரம் காயுமுன் துடைக்கலாம் | கைப்பழக்கம், மேட் வார்னிஷ் |
| செதுக்குவது | சுடுமுன் | நடக்கும் வயதுக் குழந்தை, சுடுமண் பொம்மை | சுடும் வரை திருத்தலாம் | மண்டையை முன்பே சிறிதாகப் பிடிக்க வேண்டும் |
| ஒட்டுவது | சுட்ட பிறகு | 12 செ.மீ.க்கு மேல், முடி அடர்ந்த குழந்தை | வெள்ளைப் பசை என்றால் ஊறவைத்து உரிக்கலாம் | பசை மினுக்கம், மழைக்காலம் |
| நடுவது | சுடுமுன், அல்லது இரண்டாம் சூட்டுக்கு முன் | 12 செ.மீ.க்கு மேல், முடி அடர்த்தி குறைந்த குழந்தை | ஏறக்குறைய முடியாது | நேரம், முகத்தில் ஒட்டும் தும்பு |
| விக் | எப்போதும் | 20 செ.மீ.க்கு மேல் | கழற்றிவிடலாம் | தலை பெருத்துத் தெரியும் |

## தீட்டுவது

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். மோஹேர் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கும்போதும் இதைத்தான் சொல்வேன்.

நீளமான மயிர் உள்ள லைனர் பிரஷ், 00 அல்லது அதைவிடச் சிறியது. சாதாரண அக்ரிலிக் போதும். தலையை ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள், கை எண்ணெய் இருந்தால் பெயிண்ட் முத்து முத்தாக விலகும். முதலில் தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றித் தலைத்தோலில் ஒரு நிழல் கொண்டுவர வேண்டும். அது காய்ந்த பிறகு கோடுகள். எங்கிருந்து தொடங்குவது? சுழியிலிருந்து.

எனக்குத் தெரிந்து பாதிப் பொம்மைகள் இந்தச் சுழியில்தான் தோற்கின்றன. உச்சந்தலைக்கு நட்டநடுவில் புள்ளி வைத்து அங்கிருந்து குடை மாதிரி முடியை இறக்கிவிடுகிறோம். நிஜக் குழந்தையைத் திருப்பிப் பாருங்கள். சுழி உச்சிக்குழிக்கு நன்றாகப் பின்னால், பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும். அங்கிருந்து முடி கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி இறங்கும், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் திசை. நெற்றிப் பக்கம் வரும்போது முன்னோக்கி விழும், பிடரியில் நடுவை நோக்கிக் கூடும். ரெட்டைச் சுழி வேண்டுமானாலும் வைக்கலாம். "ரெண்டு கல்யாணம்டி இவனுக்கு" என்று பார்க்கிற பாட்டி எவராவது சொல்லிவிட்டால், உங்கள் பாப்பா தேறிவிட்டான்.

வெறும் கறுப்பைத் தொடாதீர்கள். அடர் பழுப்பில் இரண்டு சுற்று, கடைசிச் சுற்றில் மட்டும் அதில் துளி கறுப்பு. ஒவ்வொரு கோடும் நுனியில் தேய்ந்து மறைய வேண்டும். நெற்றி ஓரத்தில் பூனைமுடி மாதிரி விட்டுவிட்டு நாலைந்து கோடு.

இதன் மறைமுகச் செலவு கைப்பழக்கம். முதல் மூன்று தலைகள் வாழைக்காயில் வரைந்த மாதிரி இருக்கும். நான் சுட்ட க்ளே உருண்டைகளில்தான் பழகினேன். அடுத்தது மினுக்கம். அக்ரிலிக் பளபளத்தால் மேட் வார்னிஷ் தேவைப்படும். பாலிமர் க்ளேயில் நகப்பூச்சும் எனாமலும் வேண்டாம், அவற்றில் உள்ள கரைப்பான் மண்ணை இளக்கி நாளாக ஆகப் பிசுபிசுக்கவைக்கும். சில ஸ்ப்ரே வார்னிஷும் அப்படியே. சுட்ட துண்டு ஒன்றில் அடித்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

கொலுத் தொட்டில் குழந்தைக்காரருக்கு இங்கேயே பதில் முடிந்துவிட்டது: 4 செ.மீ.க்குப் பிரஷ்தான். எந்த இழையையும் வாங்காதீர்கள்.

## செதுக்குவது

நம் ஊருக்கு இது புதிதல்ல. தவழும் கிருஷ்ணன் பொம்மையை நினைத்துப் பாருங்கள். கொண்டையும் சுருளும் மண்ணிலேயே பிடித்து, மேலே கறுப்பு. கொலுப் படியில் தூரத்திலிருந்து பார்க்கும் பொம்மைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. உதிராது, பூச்சி அரிக்காது, தூசியைப் பிரஷால் தட்டிவிடலாம். சூளைக்குப் போகும் சுடுமண் பொம்மைக்கு இதை விட்டால் தீட்டுவதுதான்.

சுருட்டை முடி உள்ள ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அழகாக வரும். பிறந்த குழந்தைக்கு வராது, என்ன செய்தாலும் தொப்பி போட்ட மாதிரிதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முடி மண்ணும் தலையோடு சேர்வதால் சுற்றளவு ஏறும். மண்டையை முதலிலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறிதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியால் கீறிய பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்ல இழுத்தால் கீறலின் விளிம்பு மழுங்கி முடி மாதிரி ஆகும். சுட்ட பிறகு அடர் நிறத்தைப் பூசித் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் காய்ந்த பிரஷால் வெளிர் நிறத்தைத் தொட்டுவிடுவது போதும்.

## ஒட்டுவது

சுட்டு முடித்துவிட்டவர்களுக்கு இது கைகொடுக்கும் வழி. முடி அடர்ந்து பிறந்த குழந்தை, ஆறு மாதக் குழந்தை, குடுமி போடும் வயது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிடரியில் தொடங்கி வரிசை வரிசையாக மேலே ஏறி, கடைசியில் சுழியில் வந்து முடிக்க வேண்டும், கூரை வேய்கிற மாதிரி. மோஹேரைச் சீவி, பத்துப் பதினைந்து இழையைக் கிள்ளி, வேர்ப் பக்கத்தை நேராக நறுக்குங்கள். பசைக் கோடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. ஒரு வரிசை காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் விரலோடு முந்திய வரிசையும் வந்துவிடும்.

பசையில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நொடியில் ஒட்டும் சயனோ பசை சீக்கிரம் வேலை முடியும் என்று ஆசை காட்டும். அது இழைக்குள் ஊறி முடியைக் குச்சியாக்கும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். கறுப்பு முடியில் அந்த வெள்ளை பொடுகு மாதிரியே தெரியும். ஒருமுறை பூத்தால் போகாது. ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை காய நேரம் எடுக்கும், ஆனால் தெளிவாகக் காயும், தப்பானால் ஈரத்துணி சுற்றி ஊறவைத்து உரிக்கலாம். இதே குணம்தான் மழைக்காலத்தில் எதிரியாகிறது. கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வெள்ளைப் பசை இளகும், விரலால் இழுத்தால் கற்றையாகக் கழன்று வரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் துணிப் பசை வாங்குங்கள், அது ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது.

ஒட்டிய முடிக்கு இன்னொரு குறை, அது படுத்தேதான் இருக்கும். தலையிலிருந்து முளைத்த முடி எழும்பி வளையும். ஒட்டியதில் அந்த எழும்பல் வராது. நெற்றி ஓரத்தில்தான் இது அப்பட்டமாகத் தெரியும். முன் வரிசையில் மட்டும் மூன்று நான்கு இழையாகப் பிரித்து ஒட்டி, தீட்டிய கோடுகளோடு கலந்துவிட்டால் ஓரளவு மறையும்.

## நடுவது

இதில் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன். ஆசைப்படுகிறவர்கள் நிறைய, பாதியில் விடுகிறவர்கள் அதைவிட நிறைய.

தையல் ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் கவட்டை மாதிரி இரண்டு பல் கிடைக்கும். அதை ஒரு பிடியில் செருகிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இழையை மண்ணின் மேல் வைத்து, கவட்டையால் நடுவில் அழுத்தினால் இழை மடிந்து உள்ளே போகும். நேராகக் குத்தக் கூடாது, முடி விழவேண்டிய திசையில் சாய்த்துக் குத்த வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம். சுட்ட பிறகு மண் இழையைக் கவ்விக்கொள்ளும், பசையே வேண்டாம். நெற்றியில் ஒற்றை இழையாக நட்டால், தலையை விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது பிறந்த குழந்தையின் அந்தப் பிஞ்சு முடி அப்படியே ஒளியில் நிற்கும். அது வேறு எந்த வழியிலும் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

இனி செலவு. 15 செ.மீ. பாப்பாவின் தலைக்கு எனக்கு நான்கு சாயங்காலம் ஆகிறது, கழுத்து வலி தனி. சுடாத மண் காந்தம் மாதிரி. மோஹேர்த் தும்பு, சேலை நூல், பூனை வளர்த்தால் அதன் முடி என்று எல்லாம் கன்னத்தில் போய் ஒட்டும். தலையைப் பிடிக்கும் விரலின் ரேகை காதில் பதியும். உள்ளே அலுமினியத் தாள் உருண்டை மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஊசி டக்கென்று நிற்கும், இழை வெளியே துருத்தும். சுடும்போது ஓ.டி.ஜி.யின் (வீட்டு மின் ஓவன்) குமிழ் 130 காட்டினாலும் உள்ளே 150 இருக்கலாம். தனியாக ஓவன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் முடி பழுப்பேறுவது மட்டுமல்ல, பி.வி.சி. கருகி எரிச்சல் தரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும்.

இவ்வளவையும் தாண்ட ஒரு குறுக்கு வழி உண்டு. பாலிமர் க்ளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். ஆகவே முகத்தையும் உடம்பையும் முதலில் சுட்டு முடித்துவிடுங்கள். தலையின் மேல்பகுதியை நான்கு மில்லிமீட்டர் தாழ்த்தியே செய்து வையுங்கள். சுட்ட பிறகு அங்கே திரவ க்ளே (கூழாகக் கிடைக்கும் பாலிமர் க்ளே) தடவி, புது மண்ணைத் தகடாகப் போர்த்தி, விளிம்பைத் தோலோடு இழைத்துவிட்டு, அதில் முடியை நட்டு மறுபடி சுடலாம். முகம் ஏற்கெனவே கெட்டியாகிவிட்டதால் ரேகையும் படாது, தும்பு ஒட்டினாலும் துடைத்துவிடலாம். ஆரம்பத்திலேயே முடிவெடுக்கச் சொன்னது இதற்குத்தான். அந்த நான்கு மில்லிமீட்டரை விடாமல் சுட்டுவிட்டு அப்புறம் தகடு போர்த்தினால், பாப்பாவுக்குத் தலைநீர் கோத்த மாதிரி வீங்கித் தெரியும்.

கோல்ட் போர்சலினில் நடலாம், காயும்போது சுருங்கி இழையை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் உள்ளே கெட்டியான உருண்டை இருந்தால் சுருங்க இடமில்லாமல் மண்டை வெடிக்கும். எபாக்ஸி மண்ணில் முழுத் தலையையும் ஒரே மூச்சில் நடாதீர்கள், பிடரி முடிவதற்குள் உச்சி இறுகிவிடும்.

## விக்

தலைக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றி, அதன்மேல் மெல்லிய துணியைப் பசையில் நனைத்துப் படியவைத்து, காய்ந்த தொப்பியில் முடி ஒட்டுவது. கழற்றி மாட்டலாம், மாற்றலாம். ஆனால் கைக்குழந்தையின் தலையே உடம்பில் கால் பங்கு, அதன்மேல் இன்னொரு தொப்பி என்றால் பார்க்கச் சகிக்காது. குல்லா போட்ட பெரிய பொம்மைக்கு மட்டும்.

## எந்த இழை?

ஒட்டுவது, நடுவது என்று முடிவானால் அடுத்த குழப்பம் இது. ஆன்லைனில் தேடும்போது ஒரு பெயர்ப் பொறி இருக்கிறது. மோஹேர் தருவது அங்கோரா ஆடு. 'அங்கோரா' என்று விற்கும் கம்பளியோ அங்கோரா முயலுடையது. ஆட்டு முடி வழுவழுப்பாக, மினுமினுப்பாக, அலையாக இருக்கும். முயல் முடி 12 முதல் 16 மைக்ரான், பஞ்சு மாதிரி மிதக்கும், கை பட்டால் சிக்காகும். ஆடு என்று நினைத்து முயலை வாங்கியவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம், 10 செ.மீ. பாப்பாவின் பூனைமுடிக்கு அது நன்றாக வரும். வாங்கும்போது மோஹேரில் குட்டி ஆட்டுடையது என்று கேட்டு வாங்குங்கள், வளர்ந்த ஆட்டின் முடி 40 மைக்ரான் வரை தடித்துவிடும்.

நம் பக்கத்தில் கிடைப்பதில் பட்டு இருக்கிறது. பட்டிழை 10 மைக்ரானை ஒட்டியது, மோஹேரைவிட மெல்லியது. நெசவுக்கு முறுக்கிய நூலைப் பிரித்துச் சீவ வேண்டும். கிடைக்கும் முடி கண்ணாடி மாதிரி பளபளக்கும், எண்ணெய் தேய்த்துத் தலைவாரிய குழந்தைக்குச் சரி, குளித்துக் காய்ந்த முடிக்குச் சரிப்படாது. வழுக்குவதால் நடுவதும் கடினம். இலவம் பஞ்சையும் முயன்றேன். இழை மெல்லியதுதான், ஆனால் குட்டை, மேலே மெழுகு இருப்பதால் சாயம் ஏறாது, மடித்தால் ஒடியும். இலவு காத்த கிளியானேன். தையல் நூல் எந்த அளவு பொம்மைக்கும் வேண்டாம்.

கறுப்பாகச் சாயமேற்றிய மோஹேரைவிட, வெள்ளை மோஹேரை வாங்கி நீங்களே அடர் பழுப்பாக்குவது நல்லது. கெட்டியான டிகாஷனில் ஊறவைத்தாலே பழுப்பு ஏறும். ஆட்டு முடியும் நம் முடி மாதிரி புரதம்தான் என்பதால் மருதாணியும் பிடிக்கும். கொதிக்கிற நீரில் போட்டுக் கலக்காதீர்கள், சிக்கிக் கெட்டிப்பட்ட கம்பளித் துண்டாகிவிடும்.

## பிள்ளையின் சொந்த முடி

மூன்றாவதாகக் கேட்ட அம்மாவுக்கு. அளவுக் கணக்குப்படி மனித முடி பொம்மைக்குத் தடிமன். ஆனால் குழந்தையின் முதல் முடி பெரியவர்கள் முடியைவிட மெல்லியது. அதுவரை கத்தரி படாதது என்றால் நுனி தானாகவே கூராகத் தேய்ந்திருக்கும். அந்த நுனி வெளியே தெரியும்படி வைத்தால், 20 செ.மீ.க்கு மேற்பட்ட பொம்மையில் தாராளமாக ஒத்துப்போகும்.

மொட்டை போட்ட பிறகு தட்டிலிருந்து அள்ளுவது உதவாது. ஈரமாக, தலைமாறி, கலந்து கிடக்கும். எது வேர், எது நுனி என்று பிரிக்க முடியாது. முடியின் மேற்செதில் எதிரெதிராக உரசிச் சிக்கும். மொட்டைக்கு முன்னால் வீட்டிலேயே நாலைந்து கற்றையை வேர்ப் பக்கத்தில் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்கும் தலைக்கும் நடுவே கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூ நீரில் அலசி, நிழலில் காயவைத்து, காகித உறையில் வையுங்கள். பிறகு வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள், நட வேண்டாம். திரும்பக் கிடைக்காத முடியை ஓவன் சூட்டுக்கு விடுவானேன்? இன்னொன்று: முதல் முடி முழுக்க சாமிக்கு என்று நேர்ந்திருக்கும் வீடுகள் உண்டு. கத்தரியை எடுக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்த விலங்கு இழையானாலும், மனித முடியானாலும் பூச்சி வரும். பெட்டிக்குள் அந்துருண்டை போடுவதை நான் தவிர்க்கிறேன், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

## பழனித் தலைக்காரிக்கு

உன் பாப்பா 15 செ.மீ., சுட்டாயிற்று, தலை முழு அளவில் இருக்கிறது. ஆகவே நடுவது கிடையாது. இன்றைக்கு ராத்திரி பழுப்பு நிழல் மட்டும் ஒற்றி வை. நாளைக்குச் சுழியிலிருந்து இரண்டு சுற்று தீட்டு. அதன் பிறகு இரண்டு நாள் தொடாதே, போகும்போது வரும்போது பார். போதும் என்று தோன்றினால் மேட் வார்னிஷ் அடித்து முடி. முடி இன்னும் வேண்டும் என்றால் தீட்டியது வீணில்லை, அதுவே அடித்தளம். அதன் மேல் உச்சியில் மட்டும் மோஹேரை ஐந்தாறு வரிசை ஒட்டினால் போதும்.

பின்னந்தலையில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு முடியே வைக்காமல் விடு. மல்லாந்தே படுத்து, தலையை ஆட்டி ஆட்டித் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் வழுக்கையாகிப்போன இரண்டு மாதப் பிள்ளையை நீயும் பார்த்திருப்பாயே.